கழுவிய கண்ணாடிகள்

என் வகுப்பில் சேர வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு விதியைச் சொல்லிவிடுவேன். எந்தப் பரிசோதனையானாலும் நோயாளியினுடையதைத் தொடுமுன் தன்னுடையதைத் தொட வேண்டும். தன் விரலைக் குத்தித் தன் ரத்தம், தன் சிறுநீர், தன் சளி. அதில் பிழையில்லாமல் செய்து காட்டிய பிறகுதான் வார்டிலிருந்து வரும் புட்டிகளுக்குப் போகலாம்.

இதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. தன் விரலில் ஊசி இறங்கியவர்கள் அடுத்தவர் விரலில் மெதுவாகக் குத்துவார்கள். தன்னுடையது என்றால் பாதியில் எழுந்து காபி குடிக்கப் போகமாட்டார்கள். சிறுநீர்ப் புட்டியை இரண்டு விரலால் அருவருத்துத் தூக்கும் பழக்கம் ஒரே நாளில் போய்விடும். சூப்பரின்டெண்டென்ட் டாக்டருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பெண் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இதென்ன அசிங்கம் என்று இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் கேட்டுக்கொண்டு, மூன்றாவது தொகுதி மாணவர்களுக்கும் அதே விதியைச் சொன்னேன்.

அது யுத்த காலம். பெங்களூரில், தண்டு என்று சொல்லும் பட்டாளக் கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி. அதன் பின்புறம் வடக்கு பார்த்த ஜன்னலுடன் ஒரு நீண்ட அறை. அதுதான் பரிசோதனைக்கூடம், அதுதான் வகுப்பறை. மூன்று மைக்ராஸ்கோப்புகள். அவற்றில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸ் ஒன்றில்தான் சரியாக இருந்தது. எங்கள் வேலைக்கு ஊரில் ஒரு பெயர்கூட நிலைக்கவில்லை. "ரத்தம் பார்க்கிறவங்க" என்பார்கள். கம்பவுண்டர் என்பார்கள். என்னைச் சிலர் நர்ஸ் என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். சென்னையில் ஒன்றரை வருடம் முறையாகப் படித்துத் தேறி வந்திருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. எனக்கு முன் இந்த இடத்துக்குத் தேர்வான ஆண் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால்தான் என்னை எடுத்தார்கள். இதை சூப்பரின்டெண்டென்ட் என்னை மறக்க விட்டதில்லை.

அந்த வருடம் ஐந்து மாணவர்கள். இந்தக் கதைக்கு இருவர் போதும். ஒருத்தி லிங்கராஜபுரத்திலிருந்து வந்தவள், பத்தொன்பது வயது, தையற்காரர் மகள். அவளுடைய அப்பா அந்த வருடங்களில் பட்டாளத்துக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். அதனால் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட வெட்கப்பட்டு 'டீச்சரம்மா' ஆக்கிவிட்டார். எதற்கும் ஒரு நையாண்டி வைத்திருப்பார்.

யுத்தத்தால் எங்களுக்கு முதலில் தீர்ந்துபோனது கண்ணாடி. மைக்ராஸ்கோப்பின் கீழ் வைக்கும் ஸ்லைடு, விரல் நீளக் கண்ணாடித் துண்டு, எல்லாம் கப்பலில் வரவேண்டும். கப்பல் வரவில்லை. கையிலிருந்ததைக் கழுவிக் கழுவித் திரும்பப் பயன்படுத்தினோம். ஆனால் சுவரில் நான் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலில் ஒன்பதாவது வரி இது: காசநோய்க் கிருமி கண்ட ஸ்லைடைக் கழுவாதே, உடைத்து லைசால் என்ற கிருமிநாசினி டப்பாவில் போடு. அந்தக் கிருமி கண்ணாடியில் ஒட்டினால் சோப்புக்கும் சோடாவுக்கும் முழுக்கப் போகாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செத்துப்போகும். ஆனால் உடம்பு அங்கேயே கிடக்கும். அடுத்த முறை சாயம் ஏற்றினால் அந்தச் செத்த உடம்பும் சிவப்பாகும்.

சூப்பரின்டெண்டென்ட் அந்த வரியை எடுக்கச் சொன்னார். உடைக்கக் கண்ணாடி இல்லை என்றார். இரண்டு நாள் வாதாடினேன். மூன்றாம் நாள் பேனாவை எடுத்து ஒன்பதாவது வரியை நானே அடித்தேன். இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் என்னை நான் இருந்ததைவிட நல்லவளாகக் காட்டும்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்து, மார்கழிப் பனியில், சளிப் பரிசோதனை வகுப்பு வந்தது. அந்த மாதத்தில் பெங்களூரில் இருமாத ஆள் கிடையாது. ஐவரும் இருமிக்கொண்டேதான் வந்தார்கள். ஆளுக்கொரு ஸ்லைடில் தன் சளியைத் தடவி, காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி, கீழே ஆவி வரும்வரை சூடு காட்டி, அமிலத்தில் கழுவி, நீலச் சாயம் ஏற்றினார்கள். காசக் கிருமி இருந்தால் அமிலத்துக்கு அசையாமல் சிவப்பாக நிற்கும். மற்றதெல்லாம் நீலமாகிவிடும். நல்ல லென்ஸ் ஒன்றே இருந்ததால் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்கள்.

தங்கவயல்காரர் பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டார். "நான் பாஸ், டீச்சரம்மா. என் நெஞ்சுல தூசியத் தவிர ஒண்ணும் இல்ல."

லிங்கராஜபுரத்துப் பெண் நாற்பது நிமிஷம் குனிந்திருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். நூறு இடம் பார் என்றால் மற்றவர்கள் அறுபதில் நிறுத்துவார்கள், அவள் நூற்றிரண்டு பார்ப்பாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கூப்பிட்டாள்.

"டீச்சர், இங்க வந்து பாருங்க. மூணு இருக்கு."

பார்த்தேன். மெல்லிய, கொஞ்சம் வளைந்த மூன்று சிவப்புக் குச்சிகள். சந்தேகமே இல்லை.

"நானே எழுதிடட்டுமா?" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் பதிவேட்டை இழுத்து, வரிசை எண், தன் பெயர், தன் வயது, பிறகு முடிவு என்ற கட்டத்தில் 'கண்டது' என்று எழுதினாள். எழுதி முடித்து மை உலர்த்தும் தாளை வைத்து ஒற்றினாள்.

"அப்பாகிட்ட நான் சொல்லணுமா, நீங்க வந்து சொல்றீங்களா?"

"இப்ப யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம்."

"எழுதியாச்சே டீச்சர்."

ஆமாம், எழுதியாகிவிட்டது. எங்கள் பதிவேட்டின் பக்கங்களுக்கு சூப்பரின்டெண்டென்டே தன் கையால் எண் போட்டிருந்தார். அடிப்பதோ கிழிப்பதோ கூடாது என்பது அவர் விதி. கிருமி கண்ட ஸ்லைடு எதுவானாலும் அவர் ஒரு முறை பார்த்து நான்காவது கட்டத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்பதும் அவர் விதி. மதியம் வந்தார், பார்த்தார், கையெழுத்திட்டார். அதன் பிறகுதான் பெயரைப் படித்தார்.

"இது நம்ம பொண்ணா?" என்றார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் வருத்தம் தீர ஒரு நிமிஷம்தான் ஆனது. நாளையிலிருந்து அவள் வகுப்புக்குள் வரக்கூடாது. ஊருக்கு வெளியே இருக்கும் க்ஷய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவார். அவள் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார்.

அவர் சொல்லாமல் விட்டதை நான் மனசுக்குள் எழுதிக்கொண்டேன். தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அவளுக்குச் சான்றிதழ் கிடையாது. காசம் என்று எழுதப்பட்டவளை இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியும் வேலைக்கு வைக்காது. காசம் வந்த வீட்டில் தைத்த சட்டையைப் பட்டாளம் வாங்காது.

"நாலு நாள் கொடுங்க சார். காலைச் சளி மூணு நாள் எடுத்துப் பார்க்கிறேன்."

"பாருங்கோ. மூணு நாளும் இல்லைன்னே வரட்டும். முதல் நாள் கண்டது இல்லைன்னு ஆயிடுமா? உங்களுக்குத் தெரியாததா?"

அது சரியான பேச்சு. ஒரு முறை கண்டால் கண்டதுதான். பத்து முறை காணாவிட்டாலும் அது அழியாது. நானே வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். "தப்பு ஸ்லைடில் இருக்கலாம்" என்றேன். "நம்ம கூடத்து ஸ்லைடு மேலயே சந்தேகமா?" என்றார். ஆமாம் என்றேன். நாலு நாள் என்பதை அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. எழுந்து போய்விட்டார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குச் சந்தேகம் வந்தது அந்த மூன்று குச்சிகள் கிடந்த இடத்தால். அவர் போனதும் மறுபடி ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். சளி தடவிய இடத்தில் நீலத் திட்டுகள் இருந்தன. குச்சிகள் அதற்குள் இல்லை. ஓரத்தில், சளியே படாத வெறும் கண்ணாடியில் கிடந்தன. ஒரு ஆளின் நெஞ்சிலிருந்து வந்த கிருமி அந்த ஆளின் சளியை விட்டுத் தனியாக வந்து உட்காருமா?

இது என் கண்ணுக்குப் போதும். கூடத்துக்கு வெளியே யாருக்கும் போதாது. மறுநாளுக்கு வேண்டியவற்றை எழுதினேன். கழுவிய பெட்டியிலிருந்து கண்ணை மூடி எடுத்த இருபது ஸ்லைடு. புதிய ஸ்லைடு ஆறு. இரண்டுக்கும் ஒரே சாயப் புட்டி, ஒரே அமிலம், ஒரே குடத்துத் தண்ணீர். காசமே இருக்க முடியாத ஏதாவது ஒன்று, தடவுவதற்கு.

புதிய ஸ்லைடுகள் ஒரே ஒரு கட்டு இருந்தது. தேர்வன்று வெளியிலிருந்து வரும் பரீட்சகருக்காக, சூப்பரின்டெண்டென்ட் அரக்கு முத்திரை வைத்து என் அலமாரியில் பூட்டியிருந்தார். காலையில் முதல் வேலையாக முத்திரையை உடைத்தேன்.

"தடவுறதுக்கு என் எச்சில எடுத்துக்குங்க டீச்சரம்மா," என்றார் தங்கவயல்காரர். "நேத்தே பாஸ் ஆனது."

"வேண்டாம். அப்புறம் உங்களுக்குத்தான் காசம்னு எழுதுவாங்க. சமையல்கட்டில போய் ஒரு முட்டை வாங்கிட்டு வாங்க."

முட்டை வெள்ளையைக் கண்ணாடியில் தடவினால் மெல்லிய தோலாகக் காயும். அந்தத் தோலைக் குறியாக வைத்து லென்ஸைத் தெளிவாகத் திருப்பலாம். அவர் வாங்கிவந்தார். "சமையல்காரன் கேட்டான், டீச்சரம்மாவுக்கு ஆம்லெட்டான்னு. இல்லப்பா, முட்டைக்கு உடம்பு சரியில்ல, பரிசோதனைன்னேன்."

இருபத்தாறு ஸ்லைடுகளுக்கும் எண் கொடுத்துக் கலைத்துவிட்டோம். எந்த எண் கழுவியது, எந்த எண் புதியது என்பது ஒரு தாளில் மட்டும் இருந்தது. அந்தத் தாளை வைத்துக்கொள்ள நான் தேர்ந்தெடுத்தது அந்தப் பெண்ணைத்தான். ஆணையின்படி அவள் வகுப்புக்குள் வரக்கூடாது. ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். வகுப்புக்குப் போவதுபோலவே டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"உள்ள வரட்டுமா டீச்சர்?" என்றாள் ஒரு முறை.

"வராதே. வந்தா அவர் சொன்னதை நாம மீறினதா ஆகும். மீற வேண்டியது வேற இருக்கு."

நானும் நான்கு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். யாரும் அடுத்தவரிடம் பேசக்கூடாது, பார்த்த எண்ணையும் முடிவையும் தாளில் எழுதி ஜன்னல் வழியாக அவளிடம் கொடுக்கவேண்டும். மாலை நாலு மணிக்கு முடிந்தது. அவள் தாள்களைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கழுவினதுல அஞ்சு, டீச்சர். புதுசுல ஒண்ணும் இல்ல."

தங்கவயல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப முட்டைக்குக் காசம்னு எழுதிடலாமா? கோழியையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமே. அதுக்கு யாரு சீட்டு எழுதறது?"

அந்தப் பெண் சிரித்தாள். இரண்டு நாளில் முதல் தடவை. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரமானது. நாங்கள் எல்லோரும் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

மறுநாள் காலை ஐந்து ஸ்லைடுகளையும் தட்டில் அடுக்கி, பதிவேட்டில் ஐந்து வரி எழுதினேன். எண், முடிவு. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டேன். வார்டிலிருந்து பெயர் வரத் தாமதமாகும் நாட்களில் இப்படிச் செய்வதுண்டு. இருந்தாலும் இது நேர்மையான காரியம்தானா என்று தட்டை எடுத்துக்கொண்டு நடக்கும்போது யோசித்தேன். முதலிலேயே முட்டை என்று சொன்னால் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்ற முடிவுக்கு வந்தேன். இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

சூப்பரின்டெண்டென்ட் ஐந்தையும் பொறுமையாகப் பார்த்தார். அவர் நல்ல கண் உள்ளவர். "எல்லாம் பாசிட்டிவ்தான். இந்த மூணாவதுல ஏகப்பட்டது இருக்கே. பாவம். யார் இது? வார்டுல இருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே ஐந்து வரிக்கும் கையெழுத்திட்டார்.

"முட்டை, சார்."

"என்னது?"

"அஞ்சும் ஒரே முட்டை. நம்ம சமையல்கட்டு முட்டை." பெயர்க் கட்டத்தில் ஐந்து முறை அதை எழுதினேன்.

அவர் பேனா மூடியைத் திருகினார். திருப்பித் திறந்தார். பிறகு ஒரு டாக்டர் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். "கோழிக்கும் க்ஷயம் வரும். தெரியுமோ?"

"தெரியும் சார். அதே முட்டையை ஆறு புது ஸ்லைடுல தடவிப் பார்த்தோம். ஒண்ணுலயும் இல்லை."

"புதுசா? எந்தப் புதுசு?"

"முத்திரை வெச்ச கட்டு."

"அதை உடைக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை. நான்தான் உடைச்சேன்."

அவர் குரலை உயர்த்தியது அப்போதுதான். ஸ்லைடு கழுவும் ஆளைக் கூப்பிடு என்றார். அவர் வந்தார், இருபது வருஷம் அங்கே வேலை செய்த சாயபு. கையில் சோப்பு நுரையோடு நின்றார். "அம்மா சொன்ன மாதிரிதான் சாப், சோடா போட்டுக் கொதிக்க வெச்சேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. அல்லா சத்தியமா."

"ஒழுங்கா கழுவியிருந்தா எப்படி வரும்?"

"எப்படிக் கழுவினாலும் வரும் சார்," என்றேன். "அதனாலதான் உடைக்கணும்னு ஒன்பதாவது வரி இருந்தது. எடுக்கச் சொன்னது நீங்க. அடிச்சது நான். இவர் நாம சொன்னதைச் செஞ்சார்." சாயபுவைப் போகச் சொன்னேன். சூப்பரின்டெண்டென்டின் அறையில் அவர் சொல்லாமல் ஒருவரைப் போகச் சொன்னது அதுவே முதல் தடவை.

கதவு சாத்தியதும் அவர் குரல் இறங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பேசினார். "சரி. கேளுங்கோ. அந்தப் பொண்ணு நாளைக்கே வகுப்புக்கு வரட்டும். பரீட்சை எழுதட்டும். இந்த ரெண்டு பக்கத்தையும் எடுத்துடலாம். இதோட முடிஞ்சது."

"மத்தவங்க?"

"யாரு மத்தவா?"

ஒன்பதாவது வரியை நான் அடித்த நாளிலிருந்து 'கண்டது' என்று எழுதப்பட்டவர்கள் பதினேழு பேர். முந்தின நாளே பட்டியல் எடுத்து வைத்திருந்தேன். அதை அவர் மேஜையில் வைத்தேன். இதில் பலருக்கு உண்மையாகவே நோய் இருக்கும், சிலருக்கு இருக்காது, யாருக்கு என்று நமக்குத் தெரியாது, எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுப் புதுக் கண்ணாடியில் பார்க்கவேண்டும் என்றேன்.

"கூப்பிட்டு என்ன சொல்றது? எங்க ஸ்லைடு அழுக்குன்னா? யுத்த காலத்துல ஆஸ்பத்திரி மேல ஜனங்களுக்கு இருக்கற நம்பிக்கை போயிடும்."

"இப்படியே விட்டா ஜனங்க போயிடுவாங்க சார்."

"அந்தப் பொண்ணு வேணுமா, பட்டியல் வேணுமா? தீர்மானம் பண்ணிண்டு வாங்கோ."

இதை நானே மறுத்துவிட்டு வந்திருக்கலாம். மறுக்கத்தான் வாய் வந்தது. ஆனால் அது என் இடம் இல்லை, அவளுடைய இடம். வெளியே வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொன்னதை ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பக்கத்தைக் கிழித்தால் நாளை வகுப்பு, ஐந்து வாரத்தில் சான்றிதழ். கிழிக்காவிட்டால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது என்றேன்.

அவள் சோற்று டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதினேழு பேருக்கு இது தெரியுமா டீச்சர்?"

"தெரியாது."

"எங்கூரு பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா அதுல?"

"தொம்மலூர்ல ரெண்டு பேர். அல்சூர்ல நாலு பேர். எல்லாப் பக்கமும் இருக்காங்க."

"ரெண்டு நாளா நான் என் தங்கச்சி பக்கத்துல படுக்கல. ஏன்னு கேட்டுக்கினே இருக்கா. என்னான்னு சொல்றது? குளிருதுன்னு சொன்னேன். குளிருதுன்னா பக்கத்துலதானே படுப்பாங்க, அது அவளுக்கே தெரியும்." மூடியை அழுத்தி மூடினாள். "அவங்க ரெண்டு மாசமா அப்படிப் படுத்துக்கினு இருப்பாங்க. பக்கத்தக் கிழிக்க வேணாம் டீச்சர். நான் எழுதினது அது."

"யோசிச்சுச் சொல்லு. இடம் போயிடலாம்."

"போச்சுன்னா தையல் மெஷின் இருக்குது," என்றாள். உடனே, "ஆனா போகக் கூடாது," என்றாள். "நீங்க போய்ச் சண்ட போடுங்க."

சண்டைக்கு என்னிடம் இருந்தது ஒன்றுதான். உள்ளே போய் அதைச் சொன்னேன். பக்கத்தை எடுக்க நான் சம்மதிக்கவில்லை, அவளும் சம்மதிக்கவில்லை. பக்கங்களுக்கு எண் போட்டது நீங்கள். ஐந்து வாரத்தில் வெளியிலிருந்து பரீட்சகர் வருவார், பதிவேட்டைக் கேட்பார், கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைப்பேன். முட்டைக்கு எதிரே ஐந்து கையெழுத்து இருக்கிறது. அவர் பார்க்கும்போது அடுத்த பக்கத்தில் பதினேழு பேரையும் திரும்பக் கூப்பிட்ட விவரமும் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு மரியாதை. இல்லாவிட்டால் முட்டை மட்டும்தான் இருக்கும்.

"இது திமிர்," என்றார்.

"ஆமாம் சார்."

மன்னிப்புக் கேட்பேன் என்று அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

இரண்டு நாள் எந்தச் சத்தமும் இல்லை. அந்த இரண்டு நாளும் அவள் வேப்பமரத்தடியிலேயே இருந்தாள். நான் ஜன்னலைத் திறந்து வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கப் பாடம் நடத்தினேன். கரும்பலகையை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டோம். தங்கவயல்காரர் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டதாகச் சொல்லி, அந்த வலிக்கு என்ன பரிசோதனை என்று கேட்டார். அதற்குள் அவளுடைய மூன்று காலைச் சளியும் புதுக் கண்ணாடியில் பார்த்தாகிவிட்டது. ஒன்றிலும் இல்லை. அதை அவள் எழுதிய வரிக்குக் கீழே, பழையதை அடிக்காமல், ஸ்லைடு விவரத்தோடு எழுதினேன்.

மூன்றாம் நாள் மதியம் சூப்பரின்டெண்டென்டின் ஆணை வந்தது. தட்டச்சு செய்த ஒரு தாள். மாணவி வகுப்புக்குத் திரும்பலாம். கிருமி கண்ட ஸ்லைடுகள் இனி உடைக்கப்படும். இணைப்பில் கண்ட பதினேழு பேருக்கும் கடிதம் எழுதி மறு பரிசோதனை செய்யப்படும். நான்காவதாக, இந்தத் தொகுதிக்குப் பிறகு என் நியமனம் நீட்டிக்கப்படமாட்டாது. நான் நடக்கக்கூடியவை என்று எழுதி வைத்திருந்ததில் அதுவும் இருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு, முதலில் மற்ற மூன்றையும் செய்தேன்.

கடிதங்களைத் தமிழிலும் கன்னடத்திலும் மாணவர்களே எழுதினார்கள். முகவரி கிடைக்காதவர்களைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல் உண்மையாகவே நோயாளிகள். அவர்களுக்கு நாங்கள் புதிதாக ஒன்றும் தரவில்லை, ஒரு காலை நேரத்தை வீணாக்கினோம். இருவர் ஊரை விட்டே போய்விட்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி இன்றுவரை எனக்குத் தெரியாது.

பரீட்சகர் வந்தார். நான் சொன்னபடியே பதிவேட்டைத் திறந்து வைத்தேன். வாசித்துவிட்டு, முட்டை எந்தக் கோழியினுடையது என்று ஒரு கேள்வி கேட்டார், சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் மற்றவர்களைவிட அதிகம் கேட்டார். நூற்றிரண்டு இடம் பார்க்கும் அவள் வழக்கத்தால் நேரம் போதாமல் ஒரு பரிசோதனையை விட்டுவிட்டாள். ஐந்து பேரில் மூன்றாவதாகத் தேறினாள். சான்றிதழில் சூப்பரின்டெண்டென்ட் மற்ற நால்வருக்குப் போட்ட அதே அளவில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மறு பரிசோதனை முடியாததால் அந்தப் பெண்ணும் நானும் இன்னும் கூடத்தில்தான் இருந்தோம். தேர்வு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் பட்டியலில் பதினேழாவதாக இருந்த ஆள் வந்தார். மில்லில் வேலை செய்தவர், பேட்டைப் பக்கத்துக்காரர். நாங்கள் மூன்று முறை எழுதிய பிறகு வந்தார். வாசலிலேயே நின்று கத்த ஆரம்பித்தார்.

"மறுபடியும் இன்னாத்துக்குக் கூப்டீங்க? வேலைய விட்டு எடுத்துட்டான். என் தட்டு தனி, சொம்பு தனி, மூணு மாசமா. என் புள்ளைய என் மச்சான் ஊட்டுக்கு அனுப்பிட்டா என் பொண்டாட்டி. இன்னும் இன்னா பார்க்கணும்?"

நான் எழுந்தேன். எனக்கு முன் அவள் போய்விட்டாள். "உக்காருங்கண்ணா. போன தடவ பார்த்தது தப்பா இருக்கலாம். அதுக்குத்தான்."

"தப்பா? யாரு பண்ண தப்பு?"

"நாங்க பண்ணது. கண்ணாடி சரியில்ல. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு."

"உனக்குமா?"

"எனக்கும்." அவள் பதிவேட்டை எடுத்துவந்து காட்டினாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. அவள் விரல் வைத்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து சளிக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினார்.

மூன்று காலை வந்தார். மூன்று நாளும் அவளே பார்த்தாள். மூன்றாவது நாள் ரிப்போர்ட் தாளில் 'காணப்படவில்லை' என்று எழுதி, அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். தேறியவளாக அவள் போட்ட முதல் கையெழுத்து அது. அவர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார். அவள் திருப்பி வைத்துக் கொடுத்தாள்.

"இத்த யாருகிட்ட காட்டணும்மா?"

"எல்லார்கிட்டயும் காட்டுங்க," என்றாள். "மொதல்ல ஊட்டுக்குப் போய் அண்ணிகிட்ட. அப்புறம் மில்லுக்குப் போய், உங்கள நிறுத்தினானே, அவன் மேஜை மேல."